தேருக்கு பிரேக் இருந்ததா?

மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதில் யார் சொன்னாலும் கன்றுக்குட்டிக்காகக் கண் கலங்கும். ரயில்வேயில் சிக்னல் வேலைக்குப் போன பிறகு கண் கலங்குவது நின்று கேள்வி வர ஆரம்பித்துவிட்டது. அந்தத் தேரை நிறுத்த என்ன ஏற்பாடு இருந்தது? பரிவாரமும் மேளமுமாகப் போகிற இளவரசனுக்கு முன்னால் தெருவைப் பார்த்துக்கொண்டு போக ஒரு ஆளாவது இருந்தானா? மாடும் கன்றும் திரியாத தெரு எங்கள் திருவாரூரில் அன்றும் இருந்திருக்காது, இன்றும் கிடையாது. ராஜவீதியில் தேர் போனால் கன்று குறுக்கே வரத்தான் செய்யும் என்று அரண்மனையில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

எனக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்த ஐயா இன்னும் இருக்கிறார். கமலாலயக் குளக்கரையில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்டேன். "சேக்கிழாரிடம் போய் பிரேக் எங்கே என்று கேட்கிற ஆள் நீ ஒருத்தன்தான்டா" என்று சிரித்தார். சிரித்தாலும் விடவில்லை. பெரியபுராணத்தில் திருநகரச் சிறப்பை எடுத்துவைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

கேட்கக் கேட்க அது எனக்கு ஒரு விபத்து விசாரணையாகவே பட்டது. இளவரசன் கன்றைப் பார்க்கவில்லை. அது துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்துவிட்டது. அவன் ஓடி ஒளியவில்லை. பதறி இறங்கி, இதற்கு என்ன பிராயச்சித்தம் என்று வேதியரைக் கேட்கப் புறப்படுகிறான். அதற்குள் தாய்ப்பசு அரண்மனை வாசல் மணியைக் கொம்பால் அடித்துவிடுகிறது. நடந்ததை ஒரு மூத்த அமைச்சர் அரசனுக்கு எடுத்துச் சொல்கிறார். பசுக்கொலைக்குச் சாத்திரத்தில் கழுவாய் இருக்கிறது, அது போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். என் மகன் என்றால் கழுவாய், ஊரான் என்றால் மரண தண்டனையா என்று கேட்கிறான் அரசன். மகன் மேல் தேரை ஏற்றச் சொல்லி அமைச்சர் ஒருவரை ஏவுகிறான். அவர் தன் உயிரை விட்டுவிடுகிறார். கடைசியில் அரசனே தேரை ஓட்டுகிறான்.

ஒரு கன்றுக்கு இரண்டு மனிதர்கள். தெரு மட்டும் அப்படியே இருக்கிறது. மறுநாள் இன்னொரு தேர் அதே வீதியில் போனால் இன்னொரு கன்று குறுக்கே வரும். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஐயா இதற்குச் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. தெரியாமல் செய்த கொலை பாவமா? புத்தருக்கும் நிகண்டருக்கும், அதாவது மகாவீரர் வழியினருக்கும், இதில் நேர் எதிரான கட்சி. பாலியில் உபாலி சுத்தம் என்று ஒன்று இந்த வாதத்தையே சொல்கிறது. வினை என்பது மனத்தின் எண்ணத்தில் இருக்கிறது என்றார் புத்தர். உடம்பால் செய்ததும் வினைதான், அதுவே பெரியது என்றார்கள் நிகண்டர்கள். இதே சண்டையின் வாடை தமிழிலும் உண்டு: குண்டலகேசியை மறுக்கவே நீலகேசி எழுந்தது. முதலில் கேட்டபோது புத்தர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. வேண்டுமென்று செய்யாதவனை என்ன சொல்ல முடியும்?

ஆனால் நான் பார்த்த உத்தியோகத்தில் யாரும் வேண்டுமென்று எதையும் செய்வதில்லை. ரயிலில் செத்தவர்களின் கணக்கை எடுத்தால், கொல்ல வேண்டும் என்று நினைத்தவன் கையால் செத்தவர்கள் அதில் ஒரு ஓரத்தில்தான் வருவார்கள். எண்ணத்தை மட்டும் தராசில் வைத்தால் மீதிச் சாவு முழுக்க யார் கணக்கிலும் ஏறாமல் போய்விடும். சமண முனிவர் வண்டியில் ஏறமாட்டார். நடக்கும்போது நுகத்தடி நீளத்துக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார், கையில் மயிற்பீலி. பார்க்காமல் மிதித்தேன் என்பது அங்கே சமாதானம் ஆகாது. பார்த்து நடப்பதுதான் விரதமே. மணிக்கு 110 கிலோமீட்டரில் வருகிற ரயில், டிரைவர் சிவப்பைக் கண்டு பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் கண் பார்க்கும்? அதனால்தான் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே டிஸ்டன்ட் சிக்னல் நட்டு, அங்கே சிவப்பு இருக்கிறது என்று இங்கே மஞ்சளில் சொல்லிவிடுகிறோம். அந்த வகையில் நாங்களெல்லாம் சமணர்கள்.

எங்கள் வேலையின் அடிப்படையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமியைப் பற்றி நான் நினைக்கிறதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஸ்டேஷனில் ஒரு லைனில் வண்டி நிற்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆளை விட்டுப் பார்த்துவரச் சொல்லலாம், ஆள் தூங்கிவிடுவான். அதனால் தண்டவாளத்தின் ஒரு கோடியில் சின்ன பேட்டரி, மறு கோடியில் ரிலே. மின்சாரம் இரண்டு தண்டவாளங்களின் வழியாக ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் சேர்த்துவிடும், மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் திரும்பிவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். இது வண்டி இருந்தால். பேட்டரி செத்தாலும் ரிலே விழும். கேபிளை எலி கடித்தாலும் விழும். தண்டவாளம் முறிந்தால் பெரும்பாலும் அப்போதும் விழும். பச்சை வேண்டுமென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டும். சிவப்புக்குச் சாட்சி வேண்டாம்.

பழைய கைகாட்டியும் இப்படித்தான். இழுக்கிற கம்பி அறுந்துபோனால் எதிர் எடை அந்தக் கையை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மட்டம் என்றால் நில். விழுவது என்ற ஒன்றை மட்டும் நம்பிச் செய்த சாதனம் அது. எந்தக் காலத்திலும் லீவு போடாத ஊழியன் புவியீர்ப்பு ஒன்றுதான். வண்டியின் பிரேக்கும் அதே புத்திதான்: பிரேக்கைப் பிடித்திருக்கச் சக்தி தேவையில்லை, விட்டிருக்கத்தான் தேவை. குழாய் கழன்றால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் புத்தி ஞானோதயத்தில் வரவில்லை. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் அர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு வேதபாடப் பள்ளிப் பிள்ளைகள் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். மேட்டில் இன்ஜின் இழுக்க முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகக் கழற்றி முன்பாதியை மட்டும் முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த பிரேக், கழற்றினால் விட்டுவிடுகிற வகை. பின்பாதியை கார்டின் கைபிரேக்கும், சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கற்களும் தாங்கின. முன்பாதி லேசாகப் பின்னால் நகர்ந்து இடித்ததும் கல் நொறுங்கி, பெட்டிகள் சரிவில் ஓடி, பின்னால் வந்த வண்டியில் மோதின. 80 பேர், நிறையப் பேர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது: தானாகப் பிடிக்கும் பிரேக், பிளாக் முறை, இன்டர்லாக்கிங் மூன்றும் பயணி வண்டி ஓடும் பாதையில் கட்டாயம். கம்பெனிகள் செலவாகிறது என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தவை அவை.

சாமி கும்பிடுகிறவர்கள் கூட்டமாகப் போகிற வண்டி அது. கடவுள் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி அந்த ஊர்ப் பாதிரியாருக்கும் வந்திருக்கும். எனக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. ஆயுத பூஜைக்கு ரிலே ரூம் கதவில் சந்தனம் குங்குமம் வைப்போம், பூசணிக்காய் உடைப்போம், பொரிகடலை பங்கு போடுவோம். ஆனால் உள்ளே ஒரு ரிலேயின் மேலும் ஒரு துளி குங்குமம் படவிட்டதில்லை. தூசி பட்டால் கான்டாக்ட் கெடும். அந்தக் கதவுக்கே இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று எங்களிடம். இரண்டு பேரும் இல்லாமல் திறக்காது. என்னை நம்பாமல் வைத்த பூட்டு என்று ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை. மனிதன் தவறுகிறவன் என்று எல்லா மதமும் சொல்கிறது. சொன்னதை நிஜமாகவே நம்பி அதற்கு ஒரு பூட்டும் போட்டது நான் பார்த்தவரை ரிலே ரூம்தான்.

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களைக் கேலி செய்கிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. எனக்கு எலுமிச்சம்பழத்தோடு விரோதமில்லை. டயர் வழுக்கையாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அது ஒரு சந்தர்ப்பம். பார்க்காமல் நசுக்கிவிட்டுப் போகிறவர்களோடுதான் விரோதம்.

விதி என்ற பேச்சுக்கும் அப்படித்தான் எல்லை கட்டுவேன். மகனைப் பறிகொடுத்தவள் "அவன் விதி அவ்வளவுதான்" என்றால் அது அவள் அடுத்த வேளை சாப்பிட உட்காருவதற்குத் துணை. அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. அதே சொல்லை ஃபைலை மூடும் அதிகாரி சொன்னால் அது திருட்டு. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதயத் திருவிழாத் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், சிறுவர்கள் உட்பட. சாமி தேரைத் தொட்டபடி செத்தது கொடுத்துவைத்த சாவு என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவருக்கு யாரும் அங்கே சாகவில்லை. தேர் எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு உயரம், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை லைனில் மின்சாரம் நிறுத்த வேண்டும், எந்தத் தெருவரை? நாலு கேள்வி. அப்பர் கோபித்துக்கொள்ளாத கேள்விகள்.

எங்கள் ஆழித்தேரையே பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி, 300 டன் என்பார்கள். முன்பு அதை நிறுத்த, திருப்ப, எல்லாம் முட்டுக்கட்டைதான். ஓடுகிற சக்கரத்தின் வாயில் ஆள் குனிந்து கட்டையைச் செருக வேண்டும். கை தப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பழைய லாவகத்தோடு. ஆனால் தேர் அவர்களுடைய விரல்களை மட்டும் நம்பி ஓடவில்லை. தியாகராஜருக்கு இதில் மகிமை குறைந்ததாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

தண்டனைக்கு வருகிறேன். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்துக்கும் கொடுத்தார், நேரு வாங்கிக்கொள்ளவில்லை. இந்த முறை வாங்கிக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை என்று சொல்லியே வாங்கிக்கொண்டார். ஐயாவுக்கு சாஸ்திரி என்றால் உயிர். "அவன்தான்டா மனுநீதிச் சோழன்" என்பார். நானும் மறுக்கமாட்டேன். கதையில் எனக்கும் பிடித்த இடம் அதுதான். தண்டனை மேல்நோக்கிப் போகிறது. ஆண்டவன் வீட்டுக்குள்ளேயே போகிறது. இன்றைக்கு அது தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துத்தான் ஓடுகிறது. கேட் கீப்பர், பாயிண்ட்ஸ்மேன், மெயின்டெய்னர்.

2023 ஜூன் 2 சாயங்காலம் ஒடிசாவில் பஹாநகா பஜார். கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்குப் பச்சை. பாயிண்ட் மட்டும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் சரக்கு வண்டி நின்றது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டி.வி.யில் பார்த்த மாத்திரத்தில் என் காலத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டோம். இந்த இரண்டும் சேர்ந்து நடக்கவே கூடாது. நடக்க விடாமல் செய்வதற்குத்தான் இன்டர்லாக்கிங் என்று ஒரு சாதனமே இருக்கிறது. நான் மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் கம்பி அறுந்தால். அறுந்த கம்பி பொய் சொல்லாது. மாற்றிக் கட்டிய கம்பி சொல்லும். கேட் வேலைக்காக இணைப்பைக் கழற்றி மாட்டியதிலும், அதற்கு முன்பே செய்திருந்த மாற்றத்திலும், ஒயர்களுக்கு எழுதியிருந்த பெயர்களிலும் தப்பு என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. சிக்னல் ஊழியர்கள் மூன்று பேரை சி.பி.ஐ. கைது செய்தது.

எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது கைதினால் அல்ல. அதே விசாரணை இன்னொன்றையும் சொன்னது. அதே கரக்பூர் கோட்டத்தில், 2022 மே 16 அன்று, பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில் இதே மாதிரி ஒயர் தப்பினால் சிக்னல் காட்டிய வழி ஒன்று, வண்டி போன வழி ஒன்று என்று ஆகியிருக்கிறது. அன்றே பாடம் படித்து மற்ற இடங்களைச் சரிபார்த்திருந்தால் பஹாநகா நடந்திருக்காது. ஒரு வருஷம் முன்பு கன்று துள்ளி விலகித் தப்பித்துவிட்டது. மணியடிக்கப் பசு இல்லை. அதனால் யாருக்கும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் இலங்கையின் எல்லாளன் எனக்குத் துணைக்கு வருகிறான். சோழநாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தில் 44 வருஷம் ஆண்டவன். கன்று, மணி, மகன், சக்கரம் எல்லாம் மகாவம்சத்தில் அவன் பேரிலும் இருக்கிறது. சிலப்பதிகாரக் கண்ணகியும் இந்தக் கதையைத்தான் பாண்டியனிடம் சொல்கிறாள். ஊருக்கு ஊர் நடந்த கதை. ஆனால் மகாவம்சத்தில் எல்லாளனுக்கு இன்னொரு தேர் விபத்தும் உண்டு, அதை ஏனோ யாரும் மேடையில் சொல்வதில்லை. மிகிந்தலை மலைக்குப் போய்த் திரும்பும்போது அவனுடைய தேரின் நுகத்தடி ஒரு தூபியில் இடித்துவிடுகிறது. அவன் பௌத்தன் அல்ல. இறங்கி வழியில் படுத்துக்கொண்டு, என் தலையை இதே சக்கரத்தால் துண்டியுங்கள் என்கிறான். எங்கள் ஆசான் பிறர் துன்பத்தை விரும்பாதவர், தூபியைச் செப்பனிட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். பெயர்ந்தவை 15 கல். அவன் செலவிட்டது 15,000 கஹாபணம்.

ஒரே அரசன், இரண்டு விபத்து. ஒன்றில் தலை போனது. ஒன்றில் கல் திரும்பி வந்தது. இரண்டாவது அரசனைத்தான் நான் கும்பிடுவேன். சேக்கிழாரின் முடிவும் உண்மையில் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தேர் மகன் மேல் ஏறிய பிறகு வீதிவிடங்கப் பெருமான் வருகிறார். வந்து என்ன செய்கிறார்? அரசன் கொடுத்த தண்டனையை அப்படியே விட்டுவிட்டுப் பாராட்டி மட்டும் போயிருக்கலாம். செய்யவில்லை. கன்றை எழுப்புகிறார், மகனை எழுப்புகிறார், செத்த அமைச்சரையும் எழுப்புகிறார். கெட்டதையெல்லாம் சரிசெய்துவிட்டுத்தான் போகிறார். தண்டனை முடிந்த இடத்தில் ஆண்டவனுக்கு வேலை மிச்சமிருந்தது என்றுதானே அர்த்தம்?

இவ்வளவையும் ஒரு நாள் குளக்கரையில் கொட்டினேன். ஐயா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரி. நீ அடுத்த கன்றைப் பற்றியே பேசுகிறாய். பசு வந்து மணியடித்தது செத்த கன்றுக்காக. தெருவுக்கு வேலி போடுகிறேன், தேருக்கு பிரேக் வைக்கிறேன் என்று அதனிடம் சொல்லிப் பார். அதற்கு என்ன கிடைக்கும்?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒடிசாவில் இறந்தவர்களில் 28 பேரின் உடல்களை யாரும் வந்து வாங்காமல், நான்கு மாதம் புவனேஸ்வர் எய்ம்ஸில் வைத்திருந்து அக்டோபரில் மாநகராட்சி எரித்தது. மணியடிக்கத் தாய்ப்பசுகூட வராத கன்றுகள். அவர்களுக்கு என் 15,000 கஹாபணத்தில் பங்கு என்ன என்று ஐயா கேட்டிருந்தால் வாயடைத்துத்தான் போயிருப்பேன். கேட்கவில்லை.

அடுத்த வாரம் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். பசுவுக்குக் கிடைக்க வேண்டியது எப்படி நடந்தது என்ற முழு விவரம். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள், தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்று. அவ்வளவு யோசித்து வைத்தவர்கள் ஒவ்வொரு அறிக்கையையும் அச்சடித்து, செத்தவர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எந்த ஒயர், எந்தப் பெட்டி, யார் எப்போது கழற்றினார், யார் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டார், முந்தின வருஷம் யாருக்குத் தெரியும், எல்லாம்.

"பசுவுக்குப் படிக்கத் தெரியுமாடா?" என்றார் ஐயா.

தெரியாது. சேக்கிழாரின் அரசனுக்கும் மணிச்சத்தம் கேட்டதே ஒழிய நடந்தது தெரியவில்லை. எடுத்துச் சொல்ல ஒரு மூத்த அமைச்சர் இருந்தார். அந்த வேலைக்கு ஆள் போடட்டும் என்றேன். சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்டுவிட்டு, தைப்பூசத்துக்குப் பேத்தி ஊரிலிருந்து வருகிறாள், டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று ஆரம்பித்தார்.